முழங்காலில் அடிபட்டவருக்கு ஒரு வழிகாட்டி: முதல் மணி நேரத்திலிருந்து மறுபடி ஓடும் நாள் வரை

தலைக்கு மேலாகப் பின்னால் போன இறகுப்பந்தை எட்டி அடித்துவிட்டு இடது காலை ஊன்றினேன். பாதம் தரையைப் பிடித்துக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டிக்குள் 'டப்' என்று எழுந்த சத்தம் பக்கத்தில் ஆடியவருக்கும் கேட்டது. அன்று இரவே எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பில் ஒன்றுமில்லை, சுளுக்குத்தான்" என்று சொல்லி, ஒரு கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி நான்கு மாதம் நடமாடினேன். இடையில் இரண்டு முறை நடந்துகொண்டிருக்கும்போதே முட்டி மடங்கி விழுந்தேன். மூன்றாவது முறை அது பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நீள மறுத்தது. முதல் நாளே ஏ.சி.எல். என்ற தசைநார் அறுந்திருக்கிறது என்பதும், அதோடு நான் நடமாடியதில் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பும் கிழிந்திருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தன. முதற்காயத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. இரண்டாவதைத் தவிர்த்திருக்கலாம்.

நான் மருத்துவர் இல்லை. நோயாளியாக ஒன்றரை ஆண்டு அலைந்தவன். எந்தக் கேள்வியை எந்தக் கட்டத்தில் கேட்க வேண்டும், எந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும், எங்கே அவசரப்பட வேண்டும், எங்கே பொறுத்திருக்க வேண்டும் என்பதை வரிசைப்படி எழுதியிருக்கிறேன். உங்கள் முட்டியைக் கையால் தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் முடிவுக்கு இது மாற்று அல்ல.

தொடங்குமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். முழங்காலில் எலும்போடு எலும்பைக் கட்டிவைப்பவை நான்கு தசைநார்கள்: மூட்டுக்குள் குறுக்காகச் செல்லும் ஏ.சி.எல்., பி.சி.எல். என்ற இரண்டு சிலுவைத் தசைநார்கள், உள்பக்கத்தில் எம்.சி.எல்., வெளிப்பக்கத்தில் எல்.சி.எல். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே மெத்தைபோலக் கிடப்பவை பிறை வடிவக் குருத்தெலும்புகளான இரண்டு மெனிஸ்கஸ்கள். பேச்சு வழக்கில் இவை அத்தனைக்கும் ஒரே பெயர் 'ஜவ்வு'. யாராவது "ஜவ்வு கிழிந்திருக்கிறது" என்று சொன்னால், எந்த ஜவ்வு என்று அங்கேயே கேட்டுப் பெயரை எழுதி வாங்குங்கள். ஏனென்றால் ஒன்றுக்குப் பட்டை போதும், இன்னொன்றுக்குத் தையல் தேவைப்படலாம். எங்கள் வீட்டில் ஒரு மாதம் வரை ஆளுக்கொரு ஜவ்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

1. உடனே ஓட வேண்டியவை எவை என்று பாருங்கள்

மூட்டின் வடிவமே கோணலாகிவிட்டாலோ, பாதம் சில்லிட்டு வெளுத்துப்போனாலோ, பாதத்தில் உணர்ச்சி குறைந்தாலோ, ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். முழங்கால் மூட்டே இடம்பெயரும்போது அதன் பின்புறமாகச் செல்லும் இரத்தக்குழாய் சேதமடையக்கூடும். ஏறத்தாழ 6 முதல் 8 மணி நேரத்துக்குள் இரத்த ஓட்டம் சீராகாவிட்டால் காலையே இழக்க நேரலாம். இதில் மோசமான விஷயம், மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன்பே மூட்டு தானாக இடத்துக்குத் திரும்பி, பார்வைக்குச் சாதாரண வீக்கம்போலத் தோன்றக்கூடும் என்பதுதான். விழுந்த கணத்தில் கால் கோணலாக இருந்ததை நீங்களோ பக்கத்தில் இருந்தவரோ பார்த்திருந்தால், கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிடுங்கள். முழங்கால் சில்லு மட்டும் வெளிப்பக்கமாக விலகுவது இதைவிடச் சாதாரணமான வேறொரு காயம். இரண்டையும் ஒன்றாகச் சொல்லிக் குழப்பிவிடாதீர்கள்.

படுத்துக்கொண்டு, முட்டியை மடக்காமல் காலை நேராகத் தூக்கிப் பாருங்கள். வலித்தாலும் தூக்க முடிந்தால் நல்லது. குதிகால் படுக்கையை விட்டு எழவே இல்லையென்றால், சில்லு உடைந்திருக்கலாம் அல்லது சில்லுக்கு மேலோ கீழோ உள்ள தசைநாண் (தொடைத் தசையின் இழுப்பை எலும்புக்குக் கடத்தும் நாண்) அறுந்திருக்கலாம். இதைச் சுளுக்கு என்று நினைத்து இரண்டு மூன்று வாரம் கடத்திவிட்டால், தசைநாண் சுருங்கித் தைப்பது கடினமாகிவிடும்.

அடியே படாமல் முட்டி திடீரென வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் மூட்டுக்குள் கிருமித் தொற்று இருக்கலாம். அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது. காயத்துக்குச் சில நாள் கழித்துக் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். குழந்தை முட்டி வலிக்கிறது என்று நொண்டினால் இடுப்பு மூட்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இடுப்பில் உள்ள கோளாறு முழங்காலில் வலியாகத் தெரிவது குழந்தைகளிடம் சகஜம்.

2. நடந்ததை அன்றே எழுதிவையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். முழங்கால் காயத்தின் பாதி நோயறிதல், அது எப்படி நடந்தது என்ற கதையிலேயே இருக்கிறது. அந்தக் கதை இரண்டு வாரத்தில் மங்கிவிடும். அதற்குள் நான்கு பேரிடம் சொல்லிச் சொல்லி அது வேறு வடிவத்துக்கும் வந்துவிடும்.

எழுத வேண்டியவை: தேதியும் நேரமும், பாதம் தரையில் ஊன்றியிருந்ததா, உடம்பு எந்தப் பக்கம் திரும்பியது, யாராவது மோதினார்களா, சத்தம் கேட்டதா, அதன் பிறகு ஆட்டத்தைத் தொடர முடிந்ததா, நான்கு அடி நடக்க முடிந்ததா. வலி எங்கே என்று உள்ளங்கையால் காட்டாமல் ஒற்றை விரலால் தொட்டு அந்த இடத்தைக் குறியுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வீக்கம் எத்தனை மணி நேரத்தில் வந்தது என்பது. இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி உப்பிவிட்டால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள், ஏ.சி.எல். அறுதல், சில்லு விலகல், எலும்பு முறிவு ஆகியவை அப்போது சந்தேகப் பட்டியலில் முன்னால் வரும். மறுநாள் காலையில் மெதுவாக நீர் கோத்திருந்தால் மெனிஸ்கஸ் கிழிசலுக்கு வாய்ப்பு அதிகம். எனக்கு, காலணியின் கயிற்றை அவிழ்ப்பதற்குள்ளேயே சில்லின் இரு பக்கமும் இருக்கும் பள்ளங்கள் மறைந்து முட்டி ஒரே உருண்டையாகிவிட்டது. அன்று இரவு என்னைப் பார்த்தவர் அதைக் கேட்கவில்லை. அது சொல்ல வேண்டிய செய்தி என்று எனக்கும் தெரியவில்லை.

இரண்டு முழங்கால்களையும் அருகருகே நீட்டி வைத்து, நேரம் பதிவாகும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் மருத்துவரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் அது பேசும்.

3. முதல் 72 மணி நேரம்

துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் வெந்ததுபோலப் புண்ணாகும். நெகிழும் துணிக்கட்டைப் பாதம் நீலம் பாரிக்காத அளவுக்கு மட்டும் இறுக்கிக் கட்டுங்கள். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வையுங்கள். சூட்டு ஒத்தடம், நீவிவிடுதல், மது, ஓட்டம் ஆகிய நான்கும் இந்த மூன்று நாளில் கூடாது. முதல் மூன்றும் கசிவையும் வீக்கத்தையும் கூட்டும், ஓட்டம் காயத்தையே பெரிதாக்கும்.

இங்கே நான் விழுந்த பொறி தலையணை. முட்டியை லேசாக மடக்கி அடியில் தலையணை வைத்தால் வலி குறையும், தூக்கமும் வரும். ஆனால் அப்படியே மூன்று வாரம் தூங்கினால் முட்டி முழுதாக நீளும் தன்மையை இழந்துவிடும், அதை மீட்பதற்குப் பல மாதம் பிடிக்கும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டிக்கு அடியில் எதுவும் இருக்கக் கூடாது. கூடவே, காலை நீட்டி வைத்து முட்டியைப் படுக்கையோடு அழுத்துவதுபோலத் தொடையின் முன்தசையை ஐந்து நொடி இறுக்கி விடுங்கள். அடிபட்ட சில நாட்களிலேயே அந்தத் தசை மெலியத் தொடங்கிவிடும் என்பதால், வலி அனுமதிக்கும்வரை ஒரு நாளில் பல முறை இதைச் செய்வது பின்னால் பெரிய லாபம்.

ஊன்றுகோல் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடியுங்கள். பெரும்பாலோர் அடிபட்ட பக்கத்தில் பிடித்து இன்னும் அதிகமாகச் சாய்ந்து நடக்கிறார்கள். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். வலிக்குப் பாரசிட்டமால் எடுப்பதானால், கல்லீரல் கோளாறு இல்லாத பெரியவருக்கும் ஒரு நாளில் 4 கிராம்தான் உச்ச அளவு. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளை வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது.

4. எந்தக் காயமாக இருக்கலாம்

கால் ஊன்றியிருக்க உடம்பு திரும்பி, யாரும் மோதாமலேயே சத்தத்தோடு வந்த காயம், உடனடி வீக்கம், பிறகு நடக்கும்போது கால் நம்மை ஏமாற்றுவதுபோல மடங்குவது: இது ஏ.சி.எல்.-இன் கதை. முட்டியின் வெளிப்பக்கத்தில் யாராவது மோதி, வலி உள்பக்கத்தில் இருந்தால் எம்.சி.எல். மடங்கிய முட்டியின் முன்புறம் நேராகத் தரையிலோ காரின் முகப்புப் பலகையிலோ மோதியிருந்தால் பி.சி.எல். குந்தி எழும்போதோ திரும்பும்போதோ, மூட்டு சேரும் கோட்டில் 'சுருக்' என்று வலித்து, மறுநாள் வீங்கி, அவ்வப்போது ஏதோ உள்ளே சிக்குவதுபோல இருந்தால் மெனிஸ்கஸ். முட்டி ஒரு கோணத்துக்கு மேல் நீளவே இல்லையென்றால், கிழிந்த துண்டு வாளியின் பிடிபோல மடிந்து மூட்டுக்குள் மாட்டியிருக்கலாம். அதை மாதக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது.

அடி எதுவும் படாமல் மெல்ல மெல்ல வந்த வலி வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. படி இறங்கும்போதும் நீண்ட நேரம் உட்கார்ந்து எழும்போதும் சில்லைச் சுற்றி வலிப்பது, குதித்து ஆடுபவருக்குச் சில்லுக்குக் கீழே வலிப்பது, நெடுந்தூரம் ஓடுபவருக்கு வெளிப்பக்கம் எரிவது, மண்டியிட்டு வேலை செய்பவருக்குச் சில்லின் மேல் நீர்ப்பை வீங்குவது, வளரும் பிள்ளைகளுக்குச் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு மேடு புடைத்து வலிப்பது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் சுமையைக் குறைப்பதும் முறையான பயிற்சியும்தான் மருந்து.

5. மருத்துவரின் கைப் பரிசோதனை எப்படி இருக்க வேண்டும்

தொடை வரை ஏற்றக்கூடிய தளர்வான அரைக்கால் உடை அணிந்து செல்லுங்கள். இறுக்கமான முழுக்கால் உடையை முட்டி வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தால், தொடைத் தசையையோ இடுப்பையோ யாரும் பார்க்க முடியாது.

நல்ல பரிசோதனை நல்ல காலில்தான் தொடங்கும். உங்கள் உடம்புக்கு இயல்பான தளர்வு எவ்வளவு என்று தெரிந்தால்தான் அடிபட்ட காலின் தளர்வு அதிகமா என்று சொல்ல முடியும். பிறகு நிற்கவும் நடக்கவும் சொல்லிப் பார்ப்பார்கள். நீர் கோத்திருக்கிறதா என்று சில்லை அழுத்திப் பார்ப்பார்கள். மூட்டுக் கோட்டை விரலால் தடவி, வலிக்கும் இடத்தைத் தேடுவார்கள். எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பார்கள். தசைநார்களுக்கான சோதனைகள் அதற்குப் பிறகு. முட்டியை 20 முதல் 30 பாகை மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து மறு கையால் கீழ்க்காலை முன்னே இழுப்பது லாக்மன் சோதனை, ஏ.சி.எல்.-ஐக் கண்டுபிடிக்கக் கைகளால் செய்யும் சோதனைகளில் மிகவும் நம்பத்தக்கவற்றுள் ஒன்று இது. நல்ல தசைநார் இழுப்பின் முடிவில் கயிறு விறைத்ததுபோல 'டக்' என்று நிறுத்தும். அறுந்திருந்தால் அந்த நிறுத்தம் இருக்காது. என் காலில் இரண்டாவது மருத்துவர் இதைச் செய்தபோது, வலது காலில் தெரிந்த அந்த நிறுத்தம் இடது காலில் இல்லை என்பது படுத்திருந்த எனக்கே புரிந்தது. அந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

முட்டியை உள்ளும் புறமும் சாய்த்துப் பார்ப்பது பக்கத் தசைநார்களுக்கு. மடக்கிய முட்டியைத் திருகிக்கொண்டே நீட்டுவது மெனிஸ்கஸுக்கு. இவற்றை வீட்டில் நண்பரை வைத்துச் செய்து பார்க்காதீர்கள். படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டவரின் கை, பாதிக் கிழிசலை முழுக் கிழிசலாக்கிவிடும்.

பெரிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. அடிபட்ட முதல் சில நாட்களில் வலியால் தொடைத் தசைகள் இறுகிக்கொள்ளும், வீக்கம் மூட்டை அசைய விடாது; அப்போது செய்யும் பரிசோதனையில் அறுந்த தசைநாரும் உறுதியாக இருப்பதுபோலத் தெரியலாம். ஆகவே முதல் நாள் "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும், வீக்கம் வடிந்த பிறகு, அதாவது 7 முதல் 10 நாளில், மறுபடி கையால் பரிசோதிக்கும்படி நாள் குறித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். நான் குறித்துக்கொள்ளவில்லை.

6. எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.-யும்

எக்ஸ்ரே எப்போது வேண்டும் என்பதற்கு ஒட்டாவா விதிகள் என்று ஒரு பட்டியல் மருத்துவர்களிடம் இருக்கிறது: வயது 55 அல்லது அதற்கு மேல், சில்லில் மட்டும் தனித்த வலி, முட்டிக்குக் கீழே வெளிப்பக்க எலும்பின் தலையில் வலி, 90 பாகை மடக்க இயலாமை, அடிபட்டவுடனும் பரிசோதனையின்போதும் நான்கு அடி எடுத்து வைக்க இயலாமை. இவற்றில் ஒன்று இருந்தாலே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஆனால் எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், தசைநாரையோ மெனிஸ்கஸையோ காட்டாது. "எக்ஸ்ரே நார்மல்" என்றால் எலும்பு முறிவு தென்படவில்லை என்பது மட்டுமே பொருள்.

கைப் பரிசோதனையில் சந்தேகம் எழுந்தாலோ அறுவை சிகிச்சையைத் திட்டமிடும்போதோ, தசைநாரையும் மெனிஸ்கஸையும் காட்டும் எம்.ஆர்.ஐ. தேவைப்படும். கதிர்வீச்சு கிடையாது, ஏறத்தாழ அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, கண்ணில் எப்போதோ பட்ட உலோகத் துகள் ஆகியவற்றை முன்பே சொல்ல வேண்டும். முழங்காலுக்குக் கால்கள் முன்னே போகும்படி படுக்க வைப்பதால் தலை பெரும்பாலும் வெளியே இருக்கும். மூடிய இடத்தைக் கண்டு பயப்படுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். சாதாரண முழங்கால் காயத்துக்கு ஊசி வழியே மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. பொதுவாகத் தேவையில்லை, அது கூடுதல் செலவு. யாராவது எழுதித் தந்தால் காரணம் கேளுங்கள்.

அச்சிட்ட படத்தோடு திருப்தியடையாமல் முழுப் படத்தொகுப்பையும் குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். அறுவை மருத்துவர் தன் கணினியில் ஒவ்வொரு வெட்டையும் நகர்த்திப் பார்க்க விரும்புவார். நான் தாளில் வந்த படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய், அதற்காகவே ஒரு முழு நாள் திரும்ப அலைந்தேன்.

7. அறிக்கையை வாசிக்கும்போது பயப்படாதீர்கள், அலட்சியமும் வேண்டாம்

'கிரேட் 2' என்று பார்த்தவுடன் பதறுபவர்கள் அதிகம். மெனிஸ்கஸைப் பற்றிச் சொல்லும்போது கிரேட் 1, கிரேட் 2 என்பவை அதன் உள்ளே தெரியும் நிறமாற்றம் மட்டுமே, மேற்பரப்பை எட்டாதவை. கிரேட் 3 தான் கிழிசல். தசைநாரைப் பற்றிச் சொல்லும்போது அதே எண்கள் வேறு பொருள் தரும்: 1 என்றால் இழைகள் இழுபட்டிருக்கின்றன, 2 என்றால் பகுதிக் கிழிசல், 3 என்றால் முழுவதும் அறுந்திருக்கிறது. எண்ணுக்கு முன்னால் எந்த உறுப்பின் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு கவலைப்படுவது வீண்.

நடு வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மெனிஸ்கஸ் கிழிசல் இருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ இறுக்கமோ எதுவுமே இருந்ததில்லை. தலை நரைப்பதுபோல மெனிஸ்கஸும் வயதோடு நைந்துபோகிறது. படத்தில் ஒரு கிழிசல் தெரிகிறது என்பதற்காக, உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. மருத்துவர் விரலால் தொட்டபோது வலித்த இடமும் படத்தில் கிழிசல் தெரியும் இடமும் ஒத்துப்போகின்றனவா என்று கேளுங்கள்.

8. அறுவை சிகிச்சை வேண்டுமா என்ற கேள்வி

எம்.சி.எல். காயம் தனியாக இருந்தால், முழுக் கிழிசலாக இருந்தாலும்கூட, பெரும்பாலும் கீல் வைத்த பட்டையும் பயிற்சியும் போதும். லேசான காயம் சில வாரத்திலும் கடுமையானது இரண்டு மூன்று மாதத்திலும் ஆறும். முதல்முறை சில்லு விலகியவருக்கும் எலும்புத் துண்டு உடையாதவரை பயிற்சியே முதல் வழி. இங்கே அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை.

மெனிஸ்கஸில் கிழிசலின் வகைதான் எல்லாம். இளையவருக்கு அடிபட்டுக் கிழிந்தது, அதுவும் இரத்த ஓட்டம் உள்ள வெளி விளிம்பில் கிழிந்தது என்றால் தைத்துக் காப்பாற்ற முயல வேண்டும். முட்டி பூட்டிக்கொண்டிருந்தால் விரைவாக. வயதால் நைந்து கிழிந்ததைச் சீவி எடுப்பதில் அவ்வளவு பயன் இல்லை. பின்லாந்தில் 35 முதல் 65 வயது வரையுள்ள 146 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கிழிசலைச் சீவியும், மறு பிரிவினருக்குத் துளை மட்டும் போட்டு எதையும் சீவாமலும் விட்டு, 2013ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டுக்குப் பிறகு இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே உங்களுக்கு இந்த வகைக் கிழிசல் என்றால், குறைந்தது மூன்று மாதம் ஒழுங்கான பிசியோதெரபிக்குப் பிறகு முடிவெடுத்தால் என்ன என்று கேட்கத் தயங்காதீர்கள்.

ஏ.சி.எல். அறுந்தவர் எல்லோரும் மேசையில் ஏற வேண்டும் என்பதில்லை. சுவீடனில் விளையாட்டில் ஈடுபாடுள்ள 121 இளையோரை வைத்துச் செய்து 2010ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், உடனே அறுவை செய்துகொண்டவர்களும், முதலில் பயிற்சி செய்து தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அறுவைக்குப் போனவர்களும் இரண்டு ஆண்டு கழித்து ஒரே நிலையில்தான் இருந்தார்கள். இரண்டாவது பிரிவில் இருந்த 59 பேரில் அதுவரை அறுவைக்குப் போனவர்கள் 23 பேர், ஐந்தாம் ஆண்டில் 30 பேர். நேர்கோட்டில் நடப்பதும் ஓடுவதும் சைக்கிள் மிதிப்பதும் போதும் என்பவர் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம். சட்டென்று திரும்பும் ஆட்டங்களுக்குத் திரும்ப விரும்புபவர், பயிற்சிக்குப் பிறகும் முட்டி மடங்கி விழுபவர், தைக்கக்கூடிய மெனிஸ்கஸ் கிழிசலும் சேர்ந்தவர் ஆகியோருக்கு அறுவை பொருத்தமானது. எனக்கு இந்த மூன்றும் இருந்தன.

ஆனால் பயிற்சி வழி என்பது ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது அல்ல. ஒவ்வொரு முறை முட்டி மடங்கி நழுவும்போதும் மெனிஸ்கஸ் நசுங்குகிறது. என் நான்கு மாதம் அப்படித்தான் போனது. பயிற்சிக் காலத்தில் ஒருமுறை நழுவினாலும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அறுவை என்று முடிவானாலும், மெனிஸ்கஸ் பூட்டிக்கொண்டதுபோல அவசரம் இல்லாதபோது, வீக்கம் வடிந்து, முட்டி முழுதாக நீண்டு, தொடைத் தசை இயங்கத் தொடங்கிய பிறகே செய்வது நல்லது. வீங்கி இறுகிய முட்டியில் செய்தால் உள்ளே தழும்பு கட்டி மூட்டு விறைத்துப்போகும் ஆபத்து உண்டு.

9. செலவும் காகிதங்களும்

மருத்துவமனை சொல்லும் தொகுப்புக் கட்டணத்தில் எவை அடங்கவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். மயக்க மருந்து, திருகாணி போன்ற பொருத்துகருவிகள், கீல் பட்டை, ஊன்றுகோல் ஆகியவை தனிக் கணக்கில் வருவது வழக்கம். எல்லோரும் மறப்பது பிசியோதெரபிச் செலவை. ஏ.சி.எல். அறுவைக்குப் பிறகு அது ஒன்பது மாதம் நீளும். கூடவே வேலைக்குப் போக முடியாத வாரங்களின் வருமானத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கையில் உள்ள பணத்தை எல்லாம் அறுவைக்கே கொடுத்துவிட்டுப் பயிற்சியைப் பாதியில் விடுவதைவிட, அறுவையைத் தள்ளிப்போட்டுப் பயிற்சியைத் தொடர்வது மேல் என்பது என் கருத்து.

காப்பீடு இருந்தால் அறுவை நாளுக்கு முன்பே முன் அனுமதி வாங்குங்கள். முதல் நாள் சீட்டில் காயத்தின் தேதியும், அது எப்படி ஏற்பட்டது என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே படித்துப் பாருங்கள். 'நாட்பட்ட வலி', 'வயது காரணமான தேய்மானம்' என்ற சொற்கள் தவறுதலாக விழுந்தால், முன்பே இருந்த நோய் என்று கோரிக்கை நிராகரிக்கப்பட வாய்ப்பு உண்டு. அந்த இடத்திலேயே திருத்தி வாங்குவது எளிது, ஆறு மாதம் கழித்து மிகக் கடினம்.

ஒரே கோப்பில் இருக்க வேண்டியவை: நீங்கள் எழுதிய முதல் நாள் குறிப்பு, எல்லாச் சீட்டுகளும் தேதி வரிசையில், எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. தொகுப்பும் அறிக்கையும், மருந்து ஒவ்வாமை விவரம், விடுவிப்புச் சுருக்கம், கட்டண ரசீதுகளின் மூலப் பிரதிகள், வேலையிடத்துக்கான மருத்துவச் சான்று. அறுவைக்குப் பிறகு அறுவைக் குறிப்பையும், பொருத்துகருவியின் ஒட்டுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். அறுந்த ஏ.சி.எல்.-க்குப் பதிலாக எங்கிருந்து நார் எடுத்து ஒட்டினார்கள், மெனிஸ்கஸைத் தைத்தார்களா சீவினார்களா என்பது தெரியாமல் பிசியோதெரபி செய்பவர் உங்களுக்கு எதையும் துணிந்து சொல்லித்தர முடியாது.

10. அறுவைக்குப் பின் காலக்கணக்கு

மெனிஸ்கஸைச் சீவிவிட்டால் அன்றே ஊன்றி நடக்கலாம், நான்கு முதல் ஆறு வாரத்தில் பெரும்பாலான வேலைகளுக்குத் திரும்பலாம். தைத்திருந்தால் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் வரை எடை ஊன்றுவதிலும், 90 பாகைக்கு மேல் மடக்குவதிலும் கட்டுப்பாடு இருக்கும். ஆழக் குந்துவதற்கு நான்கு மாதமாவது பொறுக்க வேண்டும். வலது முழங்காலில் ஏ.சி.எல். அறுவை செய்தவர் காரின் பிரேக்கை அவசரமாக மிதிக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும்.

ஏ.சி.எல்.-க்கு முதல் இரண்டு வாரத்தின் ஒரே இலக்கு, முட்டி முழுதாக நீள்வதும் தொடைத் தசை விழிப்பதும்தான். இரண்டாம் மாதம் முடியும்போது வலி போய்விடும், நடை சீராகிவிடும், அங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒட்டிய நார் எலும்போடு பிணைந்து தன்னைத் தசைநாராக மாற்றிக்கொள்ளும் அந்த இடைக்காலத்தில் அது பலவீனமாகவே இருக்கிறது. வலியில்லை என்பது உறுதி வந்துவிட்டது என்பதற்குச் சான்று அல்ல. காயத்தில் சீழ், காய்ச்சல், கெண்டைக்கால் வீக்கம் ஆகியவற்றுக்கு முதல் படியில் சொன்ன அவசரம் இங்கும் பொருந்தும்.

11. மைதானத்துக்குத் திரும்பும் நாள்

நாட்காட்டி மட்டும் போதாது, சோதனையும் வேண்டும். டெலவேர்–ஆஸ்லோ ஆய்வு என்று 2016ஆம் ஆண்டு வெளியானதில், ஏ.சி.எல். அறுவைக்குப் பின் ஒன்பதாம் மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்பாமல் ஒவ்வொரு மாதம் பொறுத்திருந்ததற்கும் மறுகாயத்தின் அளவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அதோடு தொடையின் முன்தசை வலு நல்ல காலின் 90 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும். ஒற்றைக் காலில் தாவும் சோதனைகளிலும் அப்படியே. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: ஒன்பது மாதம் சும்மா இருந்ததில் நல்ல காலும் மெலிந்திருக்கும், அதோடு ஒப்பிட்டால் கணக்கு அழகாகத் தெரியும். அறுவைக்கு முன்பே நல்ல காலின் வலுவை அளந்து எழுதி வாங்கிவைத்தால் இந்தப் பொய்க் கணக்கில் சிக்க மாட்டீர்கள்.

ஒன்பதாம் மாதச் சோதனையில் என் இடது கால் 81 விழுக்காட்டைத்தான் எட்டியது. பயிற்றுநர் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு கோடுகள் போட்டுக் காட்டினார்: வலது கால் தாவி நின்ற இடம் ஒன்று, இடது கால் நின்ற இடம் ஒன்று, நடுவே என் பாதத்தைவிட நீளமான இடைவெளி. இன்னும் இரண்டு மாதம் படியேறும் பயிற்சியும் ஒற்றைக்கால் குந்துதலும் செய்தேன். பதினோராம் மாதம் 92 வந்தது. அதன் பிறகுதான் மட்டையை எடுத்தேன், முதல் சில வாரம் தலைக்கு மேலாகப் பின்னால் போகும் பந்துகளை எட்டாமல் விட்டுவிட்டேன்.